வெள்ளவத்தையில் ஆறு சனிக்கிழமைகள்: ஆதிகால விண்மீன் மண்டலங்கள் பற்றிய ஒரு தமிழ் வகுப்பின் மதிப்பீடு

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பகலில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கப்படும் மாடி அறையொன்றில், சனிக்கிழமை மாலைகளில் ஐந்தரை மணிக்கு நடந்த ஆறு வகுப்புகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பேரண்டம் இளமையாக இருந்த காலத்தில் தட்டு வடிவ விண்மீன் மண்டலங்கள் ஏன் கட்டி கட்டியாகத் திரண்டன என்ற ஒரேயொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆறு மாலைகளைச் செலவிடும் வகுப்பொன்று தமிழில் நடக்கிறது என்று என் மருமகன் வந்து சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. கட்டணம் ஆறாயிரம் ரூபா. அச்சிட்ட குறிப்புக்கு மேலதிகமாக எண்ணூறு. கற்பித்தவர் அரச பாடசாலையொன்றில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதை இங்கே தவிர்க்கிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம். ஐந்தாம் வகுப்பு குறையுடையது; அந்தக் குறை அச்சிட்ட குறிப்பில் இன்னும் திருத்தப்படாமல் இருக்கிறது. அடுத்த தொடரில் சேர எண்ணுவோர் இரண்டையும் அறிந்து சேர்வது நல்லது.

முதல் வகுப்பில் விரிவுரை என்று ஏதும் இருக்கவில்லை. ஹபிள் தொலைநோக்கி 2003 செப்டெம்பர் முதல் 2004 ஜனவரி வரை வானத்தின் ஒரு சிறு துண்டையே திரும்பத் திரும்ப நோக்கி, மொத்தம் 11 நாட்களுக்கு மேற்பட்ட ஒளிபதிவு நேரத்தில் எடுத்த அதியாழ்புலப் படத்தின் பகுதிகளைப் பெரிதாக அச்சிட்டு, ஆளுக்கொன்றாகக் கையில் தந்தார். அந்தத் துண்டு தென்வானத்தின் உலை உடுக்குழுவில் இருக்கிறது என்றும், டிசெம்பர் இரவுகளில் கொழும்பிலிருந்து தெற்கே பார்த்தால் அந்தத் திசை வெறும் இருட்டாகத்தான் தெரியும் என்றும், அந்த இருட்டுக்குள் ஏறத்தாழ 10,000 விண்மீன் மண்டலங்கள் இருக்கின்றன என்றும் சொன்னார். பிறகு, ஒவ்வொரு மண்டலத்திலும் எத்தனை ஒளிப்பொட்டுகள் தெரிகின்றன என்று எண்ணி எழுதச் சொன்னார். அரை மணி நேரம் அறையில் யாரும் பேசவில்லை. இன்றைய பால்வீதியின் அயலிலுள்ள மண்டலங்களில் நாம் பார்த்துப் பழகிய சீரான சுருள் கைகள் அப்படங்களில் பெரும்பாலும் இல்லை. சில மணிமாலைபோல ஒரே கோட்டில் ஐந்தாறு பொட்டுகளாக இருந்தன. வேறு சில, ஒழுங்கற்ற வட்டத்துக்குள் பொட்டுகள் சிதறிக் கிடப்பனவாக இருந்தன.

கோட்டில் தெரிந்தவற்றுக்கு 1995இல் லென்னக்ஸ் கோவியும் அவருடன் பணியாற்றியோரும் சங்கிலி மண்டலங்கள் என்று பெயரிட்டார்கள். டெப்ரா எல்மக்ரீன், புரூஸ் எல்மக்ரீன் என்ற தம்பதியர் 2004ஐ அடுத்த ஆண்டுகளில் ஹபிள் படங்களை ஆராய்ந்து, சங்கிலியும் சிதறலும் ஒரே வகைப் பொருள்தான், தட்டை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் சங்கிலி, முகப்புப் பக்கமாகப் பார்த்தால் சிதறல் என்று காட்டினார்கள். இதை ஆசிரியர் சொல்லவில்லை; எங்களையே கண்டுபிடிக்க விட்டார். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சேர், இடியப்பத் தட்டைப் பக்கவாட்டிலே பிடிச்ச மாதிரி இருக்குது" என்று சொன்னபோதுதான் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

இவ்விடத்தில் சொல்லொன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஒளிப்பொட்டுகளுக்கு அவர் ஆண்ட சொல் "திரளை". குழைத்த சோற்றை உருட்டி, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கையில் ஒவ்வொன்றாக வைக்கும் அம்மம்மாவின் திரளை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பரவிக் கிடந்த ஒன்று, தன் பசையாலேயே சேர்ந்து உருண்டையாவதை அச்சொல் சொல்கிறது. "திரள்" என்று எழுதினால் நட்சத்திரக் கொத்துகளோடு குழம்பும்; "கட்டி" என்றால் வெளியிலிருந்து வந்து விழுந்ததுபோல ஒலிக்கும். கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் வாயில் நுழையாத சொற்களைப் பார்த்துச் சலித்த எனக்கு இந்த ஒரு தெரிவே வகுப்பின் தரத்தைச் சொல்லிவிட்டது. இம்மதிப்பீட்டிலும் அதையே ஆள்கிறேன்.

இரண்டாம் வகுப்பு ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1902இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கியது. பரந்து கிடக்கும் வாயுவில் ஓரிடம் சற்றுச் செறிவானால், ஈர்ப்பு அதை மேலும் செறிவாக்கப் பார்க்கும். அமுக்கம் அதை மறுபடி பரப்பப் பார்க்கும். சிறிய இடத்தில் அமுக்கம் வெல்லும். போதிய அளவு பெரிய இடத்தில் ஈர்ப்பு வெல்லும். சுழற்சி இருந்தால் என்னவாகும் என்ற கேள்வியை எல்லையற்ற ஊடகம் ஒன்றுக்காக 1950களில் ஆராய்ந்தவர்களுள் சுப்பிரமணியன் சந்திரசேகர் முக்கியமானவர் என்பதைச் சொல்லி, அதைக் கடந்து போனார். அறிமுக வகுப்புக்கு அது போதும்.

மூன்றாம் வகுப்பை நான் மறக்க மாட்டேன். சுழலும் தட்டு ஒன்றில் அமுக்கத்தோடு மூன்றாவதாக ஒரு தரப்பும் சேருகிறது. வாயுவின் ஒரு வளையத்தைச் சற்று வெளியே தள்ளினால், அதன் கோண உந்தம் மாறாததால், புதிய இடத்தில் நிலைத்துச் சுற்றப் போதிய வேகம் அதற்கு இல்லை. ஆகவே உள்ளே விழுகிறது. உள்ளே தள்ளினால் வேகம் மிகுதியாகி வெளியே வருகிறது. தன் பழைய வட்டத்தைச் சுற்றி அது அலைவதை உயர்தர மாணவருக்குப் பழக்கமான எளிமை இசை இயக்கமாகவே எழுதலாம். அதற்கு மேல்வட்ட மீடிறன் என்று பெயர். இப்போது தட்டின் மேல் ஓர் அலையை எண்ணிக்கொள்வோம். அந்த அலை வெறுமனே அலைந்து ஓயுமா, அல்லது வளர்ந்து தட்டைப் பிளக்குமா என்பதை அதன் மீடிறனின் வர்க்கம் சொல்லும்: நேராக இருந்தால் அலைவு, மறையாக இருந்தால் வளர்ச்சி. அந்த வர்க்கத்துக்குள் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. சுழற்சி தரும் உறுப்பு, அதாவது மேல்வட்ட மீடிறனின் வர்க்கம், எந்த அலைக்கும் ஒரே அளவாகக் கூட்டப்படுகிறது. ஈர்ப்பின் உறுப்பு அலையெண்ணோடு (அலை குறுகக் குறுக இந்த எண் பெரிதாகும்) விகிதமாக வளர்ந்து கழிக்கப்படுகிறது. அமுக்கத்தின் உறுப்பு அலையெண்ணின் வர்க்கத்தோடு வளர்ந்து கூட்டப்படுகிறது.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சோக்கைக் கீழே வைத்து, "இது என்ன சமன்பாடு?" என்று கேட்டார். சிறிது நேரம் சென்றே என் மருமகன் எழுந்து, "இருபடிச் சமன்பாடு, சேர்" என்றான். அப்படியானால் மறைப் பெறுமானம் எப்போது கிடைக்கும்? தன்மைகாட்டி நேராக இருக்கும்போது. சாதாரண தரத்தில் படித்த அந்த ஒரே விதியைக் கொண்டு நாங்களே இரண்டு வரிகளில் விடைக்கு வந்தோம்: மேல்வட்ட மீடிறனை வாயுவின் வேகச் சிதறலால் (அதன் பகுதிகளின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) பெருக்கி, அதைப் பை, ஈர்ப்பு மாறிலி, பரப்படர்த்தி (ஓர் அலகுப் பரப்பிலுள்ள திணிவு) ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வரும் எண் 1இலும் குறைவாக இருந்தால் தட்டு உறுதியற்றது. வாயுத் தட்டுக்கு இதை 1960இல் சாஃப்ரனோவ் கண்டார். நட்சத்திரத் தட்டுக்கு இதைப் போன்ற நிபந்தனையை 1964இல் அலர் டூம்ரே நிறுவினார். இன்று உலகம் அதை டூம்ரே எண் என்றே அழைக்கிறது.

இதன் அழகு, யார் எங்கே தோற்கிறார்கள் என்பது இதில் தெளிவாகத் தெரிவதுதான். மிக நீண்ட அலைகளைச் சுழற்சி அடக்குகிறது. மிகக் குறுகிய அலைகளை அமுக்கம் அடக்குகிறது. இடைப்பட்ட நீளமுள்ள அலைகளுக்கு இரண்டு காவலர்களின் கையும் எட்டாமல் போகும்போது அங்கே ஈர்ப்பு புகுந்துவிடுகிறது. திரளைகளுக்கு ஏன் ஒரு குறிப்பிட்ட பருமன் இருக்கிறது என்பதற்கும் அந்த இடைப்பட்ட நீளமே காரணம். உண்மையான தட்டுகளுக்குத் தடிப்பு உண்டு என்பதால் எல்லை 1இலிருந்து ஏறத்தாழ 0.7க்கு இறங்கும் என்பதையும், நட்சத்திரங்களும் வாயுவும் சேர்ந்து இழுக்கும்போது தனித்தனியாகக் கணக்கிட்டதைவிட உறுதி குறையும் என்பதையும் மறக்காமல் சொன்னார். சூத்திரத்தை மனனமாக்கிக் கொடுத்துவிட்டுப் போகும் ரியூசன் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருந்தும் எனக்கு, ஒரு மாணவன் தன் பாடசாலைக் கணிதத்தைக் கொண்டே 1960களின் ஆராய்ச்சி முடிவொன்றைத் தொட்டதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது.

நான்காம் வகுப்பு முழுவதும் கல்குலேட்டரோடு போனது. முதற் கணக்கு நம் சூரியனின் அயலுக்கானது. மேல்வட்ட மீடிறன் ஆயிரம் பார்செக்குக்குச் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) செக்கனுக்கு 37 கிலோமீற்றர். வாயுவின் வேகச் சிதறல் செக்கனுக்கு 8 கிலோமீற்றர். பரப்படர்த்தி ஒரு சதுரப் பார்செக்குக்கு 13 சூரியத் திணிவு. விடை ஏறத்தாழ 1.7 என வந்தது. வாயுவை மட்டும் பார்த்தால் தட்டு உறுதியாக இருக்கிறது. அது குளிர்ந்து உறுதியின் விளிம்புக்கு வந்து உடைந்தாலும் உண்டாகும் திரளையின் திணிவு சுமார் 16 இலட்சம் சூரியன்கள்தான். அது இன்று நாம் காணும் பெரிய மூலக்கூற்று முகில்களின் அளவு.

இரண்டாம் கணக்கு, செம்பெயர்ச்சி (பேரண்டம் விரிவதால் ஒளியின் அலை எவ்வளவு நீண்டது என்ற அளவு; எண் பெரிதானால் நாம் பார்ப்பது அவ்வளவு பழைய காலம்) 2ஐ அண்டிய ஒரு மாதிரித் தட்டுக்கானது. அதன் ஒளி நம்மை நோக்கிப் புறப்பட்டபோது பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 330 கோடி ஆண்டுகள். மையத்திலிருந்து 5,000 பார்செக் தூரத்தில் செக்கனுக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் சுழலும் தட்டு, வேகச் சிதறல் 50, பரப்படர்த்தி 200. இவற்றைப் போட்டால் டூம்ரே எண் 1.05 வருகிறது, தட்டு விளிம்பில் நிற்கிறது. அங்கே உடையும் திரளையின் ஆரை ஏறத்தாழ 1,300 பார்செக், திணிவு சுமார் 110 கோடி சூரியன்கள். அதே சூத்திரம், அதே ஈர்ப்பு மாறிலி. ஆனால் விடை 700 மடங்கு பெரிது. ஹபிள் படத்தில் முதல் வாரம் எண்ணிய பொட்டுகள் ஏன் அவ்வளவு பெரியனவாக இருந்தன என்பது அந்த ஒரு வரியில் விளங்கியது. அறையிலிருந்த இருபத்தைந்து பேரும் இரண்டாம் விடையைக் கண்டபோது எழுந்த சலசலப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கணக்கில் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2006இல் ரைன்ஹார்ட் கென்செலும் அவரது குழுவினரும் சிலியிலுள்ள மிகப்பெரும் தொலைநோக்கியின் சின்ஃபோனி என்ற கருவியைக் கொண்டு, செம்பெயர்ச்சி 2.38இலுள்ள ஒரு மண்டலம் ஒழுங்காகச் சுழலும் பெருந்தட்டு என்று காட்டினார்கள். அதற்கு முன்னர், இத்தகைய குழம்பிய உருவங்கள் எல்லாம் மோதும் மண்டலங்கள் என்று எண்ணுவதே இயல்பாக இருந்தது. அதே வகை அளவீடுகள் அக்காலத் தட்டுகளின் வேகச் சிதறல் பல மடங்கு பெரிது என்று காட்டின. நம் பால்வீதியில் 10 கிலோமீற்றருக்குக் கிட்ட இருப்பது, அங்கே 30 முதல் 90 வரை இருக்கிறது. 2010இல் லிண்டா டக்கோனியின் குழுவினர் காபனோரொட்சைட்டின் கதிர்வீச்சை அளந்து, செம்பெயர்ச்சி 1.2ஐ அண்டிய மண்டலங்களில் வாயுவின் பங்கு சராசரி 34 வீதம், 2.3ஐ அண்டியவற்றில் 44 வீதம் என்று கண்டார்கள். பால்வீதியில் அது பத்து வீதமளவே. ஆதித் தட்டு என்பது பாதி நட்சத்திரம், பாதி வாயு என்றே சொல்லலாம்.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்டேன். வேகச் சிதறல் பெரிதானால் டூம்ரே எண்ணும் பெரிதாக வேண்டுமே. கொந்தளிப்பு மிகுந்த தட்டு உறுதியான தட்டாக அல்லவா இருக்க வேண்டும்? அவர் விடை சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசித்தார்; அதுவே எனக்குப் பிடித்திருந்தது. கஞ்சி பொங்கி வழியப் பார்க்கும்போது அகப்பையால் துழாவினால் அடங்குகிறது, துழாவலை நிறுத்தினால் மீண்டும் எழுகிறது, ஆனால் இந்தப் பானையில் துழாவுவதும் அந்தப் பொங்குதலேதான் என்றார். தட்டு உறுதியிழந்ததும் திரளைகள் உண்டாகின்றன. அவை சுற்றியுள்ள வாயுவை இழுத்துக் கலக்குகின்றன. வாயு மையத்தை நோக்கி நகர, அதன் ஈர்ப்பு ஆற்றல் கொந்தளிப்பாக மாறுகிறது. வேகச் சிதறல் உயர, எண் மறுபடி 1ஐ நெருங்குகிறது. ஆனால் கொந்தளிப்பு விரைவில் தேய்ந்துவிடும். வெளியிலிருந்து புதிய வாயு தொடர்ந்து வந்து விழுந்துகொண்டிருக்கும். எனவே தட்டு எல்லைக் கோட்டிலேயே நெடுங்காலம் நிற்கிறது. அவிஷாய் டெக்கெல், ரீம் சாரி, டானியல் செவெரினோ ஆகியோர் 2009இல் எழுதிய கட்டுரையின் கருவும் இதுவே என்றும், நட்சத்திரங்களின் வெடிப்புகள் இக்கொந்தளிப்புக்கு எவ்வளவு பங்களிக்கின்றன என்பதில் ஆய்வாளரிடையே இணக்கம் இல்லை என்றும் சொன்னார்.

அதே வகுப்பின் இறுதியில் அவர் தந்த எச்சரிக்கை ஒன்றும் பயனுள்ளது. செம்பெயர்ச்சி 2இலுள்ள மண்டலத்தை ஹபிள் கட்புல ஒளியில் படம் எடுக்கும்போது, அங்கிருந்து புறப்பட்ட ஊதாக்கடந்த ஒளியே பதிவாகிறது. அந்த ஒளி இளம் நட்சத்திரங்களுடையது. இரவில் கடலிலிருந்து கொழும்பைப் பார்ப்பவருக்குக் காலிமுகத்திடலின் உயர்ந்த ஹோட்டல்களின் விளக்குகளே நகரமாகத் தெரியும். பின்னால் மக்கள் நெருங்கி வாழும் தோட்டங்கள் தெரியமாட்டா. அதுபோல, நட்சத்திரங்களின் மொத்தத் திணிவைக் கணித்து வரையும் படங்களில் மண்டலங்கள் ஒளிப்படங்களிலும் பார்க்க மென்மையாகவே இருக்கின்றன. பிரகாசமாக இருப்பதெல்லாம் பாரமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனிக் குறையைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு, திரளைகளுக்குப் பின்னர் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. பாரமான திரளை தட்டினூடாகச் செல்லும்போது, அதன் பின்னால் சேரும் பொருள் அதை இழுத்து வேகம் குறைக்கிறது. இதை இயக்க உராய்வு என்பார்கள். சில சுற்றுகளுக்குள் திரளைகள் மையத்துக்கு விழுந்து ஒன்றுசேர்ந்து, மண்டலத்தின் நடுவிலுள்ள வீக்கத்தை உண்டாக்குகின்றன. மசாஃபூமி நொகுச்சி 1998, 1999ஆம் ஆண்டுகளில் கணினி உருவகிப்பின் மூலம் முன்வைத்ததும், பிரெடெரிக் பூர்னோவும் எல்மக்ரீன் தம்பதியரும் 2007இல் விரிவாக்கியதும் இதுவே. ஆசிரியர் இதை மிக அழகாக விளக்கினார். ஆனால் முடிந்துபோன உண்மையாக விளக்கினார். குறிப்பிலும் "திரளைகள் யாவும் மையத்தை அடைந்து வீக்கமாகின்றன" என்றே அச்சாகியிருக்கிறது.

இது நேர்மையான நிலை அல்ல. திரளைக்குள் பிறக்கும் பெரும் நட்சத்திரங்களின் கதிர்வீச்சும் காற்றும் வெடிப்பும் அந்தத் திரளையையே சிதறடித்துவிடக்கூடும். ஷை ஜெனெலும் அவருடன் பணியாற்றியோரும் 2012இல் செய்த உருவகிப்புகளில், வலுவான காற்றுகள் சேர்க்கப்பட்டபோது பெருந்திரளைகள் மையத்தை அடையுமுன்பே கலைந்தன. 2017இல் அன்டோனியா ஒக்லோப்சிச் வெளியிட்ட ஆய்வில் அவற்றின் சராசரி வாழ்நாள் 2 கோடி ஆண்டளவே. நான்காம் வகுப்பில் கணக்கிட்ட மாதிரித் தட்டு ஒருமுறை சுற்றுவதற்கே ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் வேண்டும். 2 கோடி ஆண்டில் ஒரு திரளை எங்கே போய்ச் சேரும்? மறுபக்கத்தில், 2015இல் அனிட்டா சனெல்லாவின் குழுவினர், பிறந்து 1 கோடி ஆண்டும் ஆகாத திரளை ஒன்றைக் கண்டு, அத்தகைய பிறப்புகள் எவ்வளவு அரிதாகக் கண்ணில் படுகின்றன என்பதிலிருந்து திரளைகள் 50 கோடி ஆண்டளவு நிலைக்கின்றன என்று வாதித்தார்கள். 2 கோடிக்கும் 50 கோடிக்கும் இடையில் 25 மடங்கு வித்தியாசம் இருக்கிறது. வீக்கம் எப்படிப் பிறந்தது என்ற கேள்வியே அந்த இடைவெளியில் நிற்கிறது. இதைப் பத்து நிமிடத்தில் கடந்து போனது எனக்கு வருத்தம் தந்தது.

அதோடு இன்னொன்றும் விடுபட்டது. திரளைகளின் பருமன் பற்றி நான்காம் வகுப்பில் பெற்ற மகிழ்ச்சியான விடையையே ஓரளவு மறுபரிசீலனை செய்ய வைக்கும் அவதானிப்புகள் உண்டு. அண்டப் பாம்பு என்று அழைக்கப்படும் மண்டலம், இடையிலுள்ள மண்டலக் கொத்து ஒன்றின் ஈர்ப்பு வில்லையால் (அக்கொத்தின் ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பெருப்பித்துக் காட்டுவது) நீண்ட வில்லாக இழுக்கப்பட்டும், அருகே குறைந்த உருப்பெருக்கத்தில் இன்னொரு படிமமாகவும் தெரிகிறது. 2018இல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டபோது, ஒரே மண்டலத்தின் திரளைகள் குறைந்த உருப்பெருக்கப் படிமத்தில் பெரியனவாகவும் பாரமானவையாகவும், நீண்ட வில்லில் சிறியனவாகவும் தெரிந்தன. தொலைநோக்கியின் கூர்மை போதாமையால் பல சிறு திரளைகள் ஒன்றாகக் கலந்து ஒரு பெருந்திரளையாகத் தோன்றக்கூடும் என்பது இதிலிருந்து வருகிறது. பெரிய விடை கிடைத்த களிப்பில் இருந்த மாணவர்களுக்கு அடுத்த வாரமே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் இவ்விரண்டையும் அவரிடம் தனியே சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. என்னிடமிருந்த தாளை வாங்கிக்கொண்டு போய், ஆறாம் வகுப்பின் முதல் முக்கால் மணி நேரத்தை இதற்கே ஒதுக்கி, "போன கிழமை நான் சொன்னது பாதி" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லித் தொடங்கினார். நாற்பது ஆண்டு கற்பித்த ஒருவர் அப்படிச் சொல்வதை மாணவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்த பெரும் பாடம் என்றே நினைக்கிறேன். ஆனால் அச்சிட்ட குறிப்பு அப்படியே விற்கப்படுகிறது. வகுப்புக்கு வராமல் குறிப்பை மட்டும் போட்டோகொப்பி எடுப்போர் 31ஆம் பக்கத்தை நம்ப வேண்டாம்.

ஐந்தாம் வகுப்பில் காட்டிய காணொளி பற்றியும் ஒரு சொல். தட்டு ஒன்று திரளைகளாக உடைந்து சுழல்வதைக் காட்டிய அப்படம் கணினி உருவகிப்பு என்பது முதலிலேயே சொல்லப்படவில்லை. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பிள்ளைகள் அதைத் தொலைநோக்கி எடுத்த காணொளி என்றே எண்ணியிருந்தார்கள். 15 கோடி ஆண்டில் ஒரு சுற்றுச் சுற்றும் பொருளை யாராலும் காணொளி எடுக்க முடியாது என்பதை ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் போதும்.

ஆறாம் வகுப்பின் எஞ்சிய நேரம் புதிய செய்திகளுக்குப் போனது. கான்டெல்ஸ் என்ற ஹபிள் ஆய்வுத் தொகுதியைக் கொண்டு 2015இல் வெளியான கணக்கெடுப்பில், பாரமான மண்டலங்களுள் திரளையுடையவற்றின் பங்கு செம்பெயர்ச்சி 3இல் ஏறத்தாழ 55 வீதமாக இருந்து, 0.5இல் 15 வீதமளவாகக் குறைந்திருக்கிறது. சிறிய மண்டலங்களிலோ அது பெரிதாகக் குறையவில்லை. வாயு தீர்ந்து, தட்டு நிதானமடைய, பாரமானவை முதலில் சீராகின்றன. பிறகு வெப் தொலைநோக்கியும் அல்மா வானொலித் தொலைநோக்கி வரிசையும் சேர்ந்து பார்த்த, 2025இல் அறிவிக்கப்பட்ட, அண்டத் திராட்சைக் குலை என்று அழைக்கப்படும் மண்டலம். பெருவெடிப்பிலிருந்து 93 கோடி ஆண்டளவில் இருந்த, ஒழுங்காகச் சுழலும் சிறு தட்டு அது. ஹபிளில் வழவழப்பான ஒற்றைத் தட்டாகத் தெரிந்த அதற்குள், ஈர்ப்பு வில்லையின் உதவியோடு குறைந்தது 15 திரளைகள் தெரிந்தன. கூர்மை கூடியபோது அண்டப் பாம்பின் திரளைகள் சிறுத்தன; இங்கே வெறுமையாகத் தெரிந்த இடத்தில் திரளைகள் முளைத்தன. இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து அவர் காட்டியது, ஐந்தாம் வகுப்பின் குறையை எனக்குப் பெருமளவு ஈடுசெய்தது.

நடைமுறைக் காரியங்கள். அறையில் ஏ.சி. இல்லை, மூன்று மின்விசிறிகள் உண்டு, கடற்காற்று வரும் நாட்களில் குறையில்லை. கரையோரப் புகையிரதம் போகும்போது பேச்சு நின்று தொடரும். புறொஜெக்டர் மங்கல், இருண்ட படங்களைப் பார்க்க முன் இரண்டு வரிசையில் இருப்பது நல்லது. வகுப்பு ஏழரைக்கு முடியும் என்று சொன்னாலும் எட்டு தாண்டும். காலி வீதிக்கு ஏறினால் 100, 101 பஸ்கள் இருக்கின்றன, ஆனால் தனியே திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தால் வகுப்பு இல்லை.

யார் சேரலாம் என்றால், சாதாரண தரக் கணிதம் மறக்காத எவரும் சேரலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்போருக்கு மூன்றாம் வகுப்பு தனி விருந்து. உருவகிப்பு எழுதவோ தரவுகளைக் கையாளவோ விரும்புவோருக்கு இது போதாது. அதற்கான பயிற்சி எதுவும் இங்கே இல்லை. அடுத்த தொடரில் குறிப்பைத் திருத்துவதாகவும், திரளைகளின் வாழ்நாளுக்கென ஏழாவது வகுப்பொன்றைச் சேர்ப்பதாகவும், அதற்குக் கட்டணம் கூட்டப்போவதில்லை என்றும் ஆசிரியர் என்னிடம் சொன்னார். மருமகன் இப்போதே தன் பெயரை மீண்டும் கொடுத்திருக்கிறான். நான்காம் வகுப்பின் கணக்கை அண்டத் திராட்சைக் குலைக்குச் செய்து பார்க்க வேண்டுமாம். அதற்கான வேகச் சிதறலை எங்கே தேடுவது என்று நேற்றிரவும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.